பீடோங் தீவைக் கடந்தவர்கள்: அகதிகளின் மௌனமும் பிள்ளைகளின் மொழியும்

திரங்கானு மாநிலத்தின் மெராங் படகுத்துறையிலிருந்து விசைப்படகில் செல்வோர்க்குப் பீடோங் தீவு இன்று பவளப்பாறைகளுக்கும் வண்ண மீன்களுக்கும் பெயர்பெற்ற ஓரிடம். முக்குளிப்போர் செல்கின்றனர், கடலாய்வு செய்யும் பல்கலைக்கழக மாணவர்கள் செல்கின்றனர். 1979-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அச்சின்னஞ்சிறு தீவின் கரையோரச் சமநிலத்தில் ஏறத்தாழ 40,000 மனிதர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? வரலாற்றுப் பாடத்தில் அது இடம்பெறுவதில்லை. நாமும் சொல்வதில்லை.

அகதிகளைப் பற்றிப் பேச்செழும்போது, அவர்கள் புதிய நாட்டின் மொழியைக் கற்றார்களா, வேலை தேடிக்கொண்டார்களா, பிள்ளைகளைப் படிக்க வைத்தார்களா என்றே நாம் வினவுகிறோம். பீடோங் வழியாக மேலைநாடுகளுக்குச் சென்ற வியட்நாமியர் இம்மூன்றிலும் தேறியவர்கள் என்று உலகம் பாராட்டுகிறது. ஆனால், அவர்கள் தம் நினைவுகளை என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அந்நினைவுகளை அவர்கள் எவ்வாறு அடக்கி வைத்தார்கள், எப்போது வெளியே எடுத்தார்கள், அப்போது கேட்பதற்கு யார் இருந்தார்கள் என்பனவே அவர்கள் புதிய பண்பாட்டோடு பொருந்திய விதத்தைத் தீர்மானித்தன என்பது என் கருத்து. அதிலும் இறுதியாகக் கூறிய ‘யார் இருந்தார்கள்’ என்பது மொழியாசிரியர்களாகிய நம்மை நேரடியாகத் தொடுகின்ற கேள்வியாகும்.

கடலில் இறங்கிய காரணம்

1975 ஏப்ரல் 30-ஆம் நாள் சைகோன் வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே ஏறத்தாழ 1,30,000 பேர் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பழைய அரசோடும் அமெரிக்கரோடும் தொடர்புடையவர்கள். எஞ்சியோருள் முன்னாள் படைவீரர்களும் அதிகாரிகளும் ‘மறுகல்வி முகாம்’ எனப்பட்ட சிறைகளுக்கு அனுப்பப்பட்டனர். நகரவாசிகள் பலர் ‘புதிய பொருளாதார மண்டலம்’ என்ற பெயரில் காடு திருத்த அனுப்பப்பட்டனர். 1978 மார்ச்சில் தெற்குப் பகுதியில் தனியார் வணிகம் ஒழிக்கப்பட்டபோது, சோலோன் பகுதியின் சீன வணிகர்கள் ஒரே நாளில் வாழ்விழந்தனர். கம்போடியப் போருக்காக இளைஞர்கள் கட்டாயமாகப் படையில் சேர்க்கப்பட்டனர். 1979 பிப்ரவரியில் சீனாவோடும் போர் மூண்டது. சீன வழிவந்தோர்க்கு இருப்பே கேள்விக்குறியானது.

பொன் கொடுத்துப் படகில் இடம்பிடித்தனர். அப்படகுகளுள் பல ஆற்றில் ஓடுவதற்கென்று கட்டப்பட்டவை. கடலுக்கு உரியவை அல்ல. 1975 முதல் 1995 வரை ஏறத்தாழ 8 லட்சம் பேர் படகுவழியே அண்டை நாடுகளில் உயிருடன் கரையேறினர். கரையேறாதோரின் கணக்கைக் கடல்தான் அறியும். சயாம் வளைகுடாவின் கடற்கொள்ளையர் செய்த கொடுமைக்கு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு ஒன்று போதும். 1981-ஆம் ஆண்டில் தாய்லாந்தை அடைந்த 452 படகுகளில் 349 படகுகள் தாக்கப்பட்டிருந்தன. அதுவும் ஒவ்வொன்றும் சராசரியாக மூன்று முறை. 578 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளாயினர். 228 பெண்கள் கடத்தப்பட்டனர். 881 பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். ஒரே ஆண்டில், ஒரே நாட்டை அடைந்தவர்களின் கணக்கு இது.

இத்தகையோர்தாம் பின்னர் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வகுப்பறைகளில் அமர்ந்து, “வணக்கம், என் பெயர் இன்னது” என்று ஆங்கிலத்தில் சொல்லிப் பழகியவர்கள்.

தீவில் ஓர் ஊர்

நம் நாடு அவர்களை விரும்பி வரவேற்கவில்லை என்பதை மறைப்பதற்கில்லை. 1978 நவம்பரில் ஏறத்தாழ 2,500 பேருடன் கிள்ளான் துறைமுகத்திற்கு அப்பால் நங்கூரமிட்ட ‘ஹாய் ஹோங்’ கப்பலிலிருந்து ஒருவரையும் நம் மண்ணில் குடியேற அரசு அனுமதிக்கவில்லை. கனடா முதலிய நாடுகள் ஏற்றுக்கொள்ள முன்வந்த பின்னரே அவர்களுக்கு வழி பிறந்தது. 1979-இல் பல படகுகள் மீண்டும் கடலுக்கே இழுத்துச்செல்லப்பட்டன. அவ்வாண்டு ஜூனில் அன்றைய துணைப் பிரதமர் டாக்டர் மகாதீர், வருவோரைச் சுடுவது பற்றிப் பேசியதாக வந்த செய்தி உலகெங்கும் பரபரப்பை உண்டாக்கியது. அரசு பின்னர் அதனை மறுத்து விளக்கமளித்தது. கிழக்குக் கரையின் ஏழை மீனவக் கிராமங்கள் அஞ்சின. இன விகிதம் மாறிவிடுமோ என்ற கவலையும் அரசியலில் இருந்தது. ஆயினும், அதே காலத்தில் மலேசியச் செம்பிறைச் சங்கத்தின் ஊழியர்கள் அரிசியும் மருந்தும் ஏற்றிக்கொண்டு பீடோங்கிற்குப் படகு விட்டுக்கொண்டிருந்தனர் என்பதும் வரலாறே.

1978 ஆகஸ்டில் முகாம் திறக்கப்பட்டபோது 4,500 பேர்க்கே இடம் என்று கணக்கிடப்பட்டது. பத்தே மாதத்தில் மக்கள்தொகை அதைப்போல் ஒன்பது மடங்கை நெருங்கியது. உடைந்த படகுகளின் பலகை, காட்டு மரம், பிளாஸ்டிக் விரிப்பு, அரிசிச் சாக்கு ஆகியவற்றைக்கொண்டு இரண்டு மூன்று அடுக்குக் குடிசைகளை அவர்களே கட்டினர். கிணறு தோண்டினர், போதாத நீர் தோணிகளில் வந்தது. கழிப்பிட வசதியோ சொல்லுந்தரமன்று.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது, அம்மக்கள் தங்களைத் தாங்களே ஒழுங்குபடுத்திக்கொண்ட முறையாகும். அகதிகளிடையே செயற்குழு ஒன்று அமைந்தது. உணவுப் பங்கீடு, குடிநீர், பாதுகாப்பு, கல்வி என்று ஒவ்வொன்றையும் கவனிக்கத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. குன்றின்மேல் தேவாலயமும் புத்தர் கோயிலும் எழுந்தன. தையற்கடை, முடிதிருத்தும் கடை, அடுமனை எல்லாம் முளைத்தன. மருத்துவராக இருந்தவர் மருத்துவம் பார்த்தார். ஆசிரியராக இருந்தவர் கற்பித்தார். ஆங்கில வகுப்பிலும் பிரெஞ்சு வகுப்பிலும் பேரனும் பாட்டியும் ஒன்றாக அமர்ந்தனர். எந்த நாடு ஏற்கும் என்று தெரியாத நிலையில் மொழி கற்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை! நேற்றுவரை துரத்தப்பட்ட ஒருவர் இன்று தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்தும் பொறுப்பாளராகிறார். இழந்த மதிப்பு சிறிதளவேனும் மீள்கிறது. உளவியல் அறிஞர்கள் பின்னாளில் பெரிய பெயர்களிட்டு எழுதிய சிகிச்சையின் முதற்படியை அம்மக்கள் யாரும் சொல்லித்தராமலே செய்துகொண்டனர் எனலாம்.

ஏற்கப்பட்டோரின் பெயர்கள் ஒலிபெருக்கியில் வாசிக்கப்பட்டன. படகுகள் புறப்படும் வேளையில் கடலைப் பற்றிய புகழ்பெற்ற வியட்நாமியப் பாடலொன்று ஒலிபரப்பப்பட்டதை அங்கிருந்தோர் பலர் நினைவுகூர்ந்துள்ளனர். 1979 ஜூலையில் ஜெனீவாவில் 65 அரசுகள் கூடி, 1,25,000 ஆக இருந்த குடியேற்ற வாக்குறுதியை 2,60,000 ஆக உயர்த்தின. அதன்பின் தீவின் நெருக்கம் குறையலாயிற்று. 1991 அக்டோபரில் முகாம் மூடப்படும்வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் அத்தீவைக் கடந்து சென்றனர். 1989-க்குப் பின் வந்தவர்கள் தனித்தனியே விசாரிக்கப்பட்டு, அகதி அல்லர் எனத் தீர்ப்பானோர் திருப்பி அனுப்பப்பட்டனர். கோலாலம்பூரின் சுங்கை பீசி முகாம் 1996-இல் மூடப்பட்டதோடு அந்த அத்தியாயம் முடிந்தது.

மறந்துவிடுவது என்னும் உத்தி

கனடா 1979, 1980 ஆகிய ஈராண்டுகளில் 60,000 பேரை ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோர்க்குத் தனிமனிதர்களும் தேவாலயங்களும் அண்டைவீட்டார் குழுக்களும் பொறுப்பேற்றனர். இதற்காகவே 1986-இல் அகதிகள் ஆணையத்தின் நான்சன் பதக்கம் கனடிய மக்கள் அனைவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அவ்வாறு வான்கூவர் நகருக்கு வந்து சேர்ந்தவர்களுள் 1,348 பேரை மார்ட்டன் பைசர் என்னும் மனநல மருத்துவர் தம் குழுவினருடன் 1981 முதல் பத்தாண்டுக் காலம் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். ஒரே மக்களை இவ்வளவு நீண்டகாலம் கவனித்த அகதியாய்வுகள் மிகச் சிலவே. அவர் கண்டது யாது?

தொடக்க ஆண்டுகளில் அகதிகள் பலர் காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தனர். நேற்று என்பது மூடிய அறை. இன்று, நாளை ஆகிய இரண்டு மட்டுமே பேச்சில் வந்தன. வேலை, வாடகை, பிள்ளையின் பள்ளி, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். இவ்வாறு பழையதை அடக்கி வைத்தவர்கள் நலமாகவே இருந்தனர். ஓயாமல் பழையதை எண்ணி ஏங்கியவர்களிடமே மனச்சோர்வு மிகுந்திருந்தது. துயரத்தைக் கொட்டித் தீர்த்தால்தான் ஆறும் என்று மேடைதோறும் பேசப்படுவதற்கு இது நேர்மாறானது அன்றோ? மறதி நோயன்று, அது ஓர் ஊன்றுகோலாக இருந்தது.

ஆனால் ஊன்றுகோல் நெடுநாள் தாங்குவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, அடக்கி வைத்த பழங்காலம் மெல்லத் திரும்பி வந்து நிகழ்காலத்தோடு இணையத் தொடங்கியது. அவ்விணைப்பு நிகழும்போது மனச்சோர்வின் ஆபத்தும் உயர்ந்தது. இங்குதான் ஆய்வின் முக்கியமான செய்தி உள்ளது. நிலையான வாழ்க்கைத் துணையும் நிலையான வேலையும் உடையோர் அவ்வாபத்திலிருந்து பெரிதும் காக்கப்பட்டனர். அஃதாவது, நினைவு திரும்பி வருவதைத் தடுக்க முடியாது. அது வரும் வேளையில் மனிதருக்குப் பற்றிக்கொள்ள ஏதேனும் இருக்கிறதா என்பதே வேறுபாட்டை உண்டாக்கியது.

சுற்றமும் அவ்வாறே உதவியது. வான்கூவரில் பழைமையான சீனச் சமூகம் ஒன்று முன்பே வேரூன்றியிருந்தது. வியட்நாமிலிருந்து வந்தோருள் சீனர்களுக்கு அச்சமூகம் தொடக்கத்தில் நிழலாக நின்றது. வியட்நாமியர்க்கு அத்தகைய நிழல் அப்போது இல்லை. இவ்வுண்மையை அமெரிக்கா பட்டறிவால் உணர்ந்தது. 1975-இல் வந்தவர்களை ஓரிடத்தில் குவியவிடாமல் எல்லா மாநிலங்களிலும் சிதறி வைக்க வேண்டும், அப்போதுதான் விரைவில் அமெரிக்கராவர் என்று அரசு எண்ணியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கலிபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டத்திற்கும் ஹூஸ்டனுக்கும் நகர்ந்துவிட்டனர். மீன்சாறு கிடைக்கும் கடையும், துக்கத்திற்கு வந்து அமர நாலு பேரும் இல்லாத ஊரில் யார் இருப்பார்?

வாய் பேசாதபோது உடல் பேசியது

வியட்நாமியரும் கம்போடியரும் மருத்துவரிடம் சென்று “என் மனம் நொந்திருக்கிறது” என்று சொல்லவில்லை. தலைவலி என்றனர், தூக்கமில்லை, நெஞ்சில் படபடப்பு என்றனர். ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்த நோய்’ என்னும் பெயரே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது. அதுவும் பெரும்பாலும் வியட்நாமில் போரிட்டுத் திரும்பிய அமெரிக்க வீரர்களை முன்னிட்டே. அதே போரின் மற்றொரு பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அச்சொல் சென்றுசேரச் சில ஆண்டுகளாயின.

இவ்விடத்தில் அண்டை நாடான கம்போடியாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. 1975 முதல் 1979 தொடக்கம் வரை போல் பாட் ஆட்சியில் வதைபட்டுத் தப்பியோர் தாய்லாந்து முகாம்கள் வழியாக அமெரிக்கா சென்றனர். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் 1980-களில் ஏறத்தாழ 150 கம்போடியப் பெண்கள் பார்வை மங்கியதாகவோ முற்றும் இழந்ததாகவோ கண் மருத்துவர்களிடம் வந்தனர். கண்ணில் பழுதேதும் காணப்படவில்லை. அவர்களுள் பலர் தம் கணவரும் பிள்ளைகளும் கொல்லப்படுவதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள். பாட்ரிசியா ரோசே, கிரெட்சன் வான் போமல் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் இதனைப் பதிவு செய்தபோது, அக்கொடிய ஆட்சியில் நெடுங்காலம் சிக்கியிருந்தோர்க்கே பார்வைக் குறைவு மிகுதி என்பதைக் கண்டனர்.

தாங்கிக்கொள்ளும் வழிகளும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன. காய்ச்சலும் தலைவலியும் வந்தால் தைலம் தடவி, நாணயத்தின் விளிம்பால் முதுகை அழுத்தித் தேய்ப்பது வியட்நாமியர் வழக்கம். ‘காற்றை’ வெளியேற்றுவதாக நம்பிக்கை. நம்மூரில் சீனர்களின் குவா ஷாவையும் மலாய்க்காரர்களின் கைவைத்தியத்தையும் அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. அமெரிக்காவிலோ, பிள்ளையின் முதுகில் சிவந்த கோடுகளைக் கண்ட ஆசிரியர்களும் மருத்துவர்களும் இது சித்திரவதை என்று எண்ணி அதிகாரிகளுக்குப் புகார் செய்த நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தாய் அன்போடு இட்ட கோடு அது. அரசுக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பத்தின் கதவை மறுபடியும் அதிகாரி தட்டும்போது அத்தாயின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும்! ஐயம் எழுந்தால் விசாரிப்பது ஆசிரியர் கடமையே. எனினும், புகாருக்கு முன் ஒரு கேள்வியேனும் கேட்டிருக்கலாம்.

பள்ளி தொடர்பான இன்னோர் ஆய்வை நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு. ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் டேவிட் கின்சி என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் ஓர் உயர்நிலைப் பள்ளியின் கம்போடிய மாணவர்களைச் சந்தித்துப் பேசினர். 1986-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிறுவயதில் பெருங்கொடுமைக்கு ஆளாகியிருந்த 40 மாணவர்களுள் 20 பேர்க்கு மேற்கூறிய நோய் இருந்தது. சரிபாதி! ஆனால் அவர்கள் வகுப்பில் குழப்பம் விளைவிப்பவர்கள் அல்லர். அமைதியாக இருந்தனர், எங்கோ எண்ணத்தில் ஆழ்ந்திருந்தனர். ஆசிரியர் கண்ணுக்கு அவர்கள் சிக்கலான பிள்ளைகளாகத் தெரியவில்லை. மேசையைத் தட்டும் பிள்ளையைப் பற்றித்தான் நாம் ஆசிரியர் அறையில் பேசுகிறோம். வாய்திறவாத பிள்ளைக்கு ‘நன்னடத்தை’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிக் கையொப்பமிட்டுவிடுகிறோம்.

அவ்வாய்வில் வேறொன்றும் வெளிப்பட்டது. பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் இழந்து, அமெரிக்க வளர்ப்புக் குடும்பங்களிலோ தனியாகவோ வாழ்ந்த பிள்ளைகளைவிட, தம் குடும்பத்தார் ஒருவரோடேனும் வாழ்ந்த பிள்ளைகள் நலமாக இருந்தனர். வளர்ப்புக் குடும்பங்களில் வசதிக்குக் குறைவிருந்திருக்காது. நல்ல ஆங்கிலமும் அங்கே கிடைத்திருக்கும். உறவுக்காரர் வீட்டிலோ வறுமையும் அதே காயமுமே மிஞ்சியிருந்தன. என்றாலும் அங்கே விளக்கிச் சொல்லத் தேவையில்லாத ஒருவர் இருந்தார்.

இரு தலைமுறைக்கு இடையே மொழி

பிள்ளைகள் புதுமொழியை விரைந்து கற்றனர், பெற்றோர் கற்கவில்லை. மருத்துவமனையிலும் வங்கியிலும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளர் ஆனது. வீட்டின் தலைமை மெல்லத் தடம் மாறியது. பைசரின் ஆய்வில் இதற்கும் சான்றுண்டு. வந்த புதிதில் ஆங்கில அறிவுக்கும் மனநலத்துக்கும் தொடர்பேதும் தென்படவில்லை. பத்தாண்டுகளுக்குப் பின்னரோ, ஆங்கிலம் கைவராதவர்களிடம், குறிப்பாக வேலைக்குச் செல்லாத பெண்களிடம், மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, புதுமொழியைக் கற்பது தேவையில்லை என்று எவரும் இக்கட்டுரையைக்கொண்டு வாதிட வேண்டாம்.

ஆனால் பிள்ளை புதுமொழியை மட்டுமே கற்றால்? அங்கேதான் மௌனம் நிரந்தரமாகிறது. தந்தைக்குப் பேச வேண்டும் என்று தோன்றும் காலம் பதினைந்து இருபது ஆண்டுகள் கழித்து வருகிறது. அப்போது அவருடைய மொழி மகனுக்குச் சோறு, தண்ணீர், பள்ளி என்னும் அளவில் நின்றுபோயிருக்கிறது. கடலில் தம்பியை இழந்ததைச் சொல்லும் அளவுக்கு அம்மொழி இருவருக்கும் பொதுவாக இல்லை. கேட்பதற்கு ஆளிருந்தும் கேட்கும் மொழி இல்லை. நம் தோட்டப்புறங்களிலும் சயாம் மரண இரயில்பாதையிலிருந்து மீண்டு வந்த முதியவர்கள் வாய்திறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அவர்கள் பேச முன்வந்தபோது தமிழில் கேட்கப் பேரப்பிள்ளைகள் இருந்ததால்தான் இன்று நம்மிடம் சிறிதளவேனும் பதிவு உள்ளது.

இதற்கு மாறான காட்சியை நியூ ஒர்லீன்ஸ் நகரின் கிழக்கே ‘வெர்சேல்ஸ்’ என்னும் குடியிருப்பில் காணலாம். அங்குக் குடியேறிய வியட்நாமியருள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். 1954-இல் நாடு பிரிந்தபோது வடக்கிலிருந்து தெற்கிற்கு ஓடிவந்தவர்கள். 1975-இல் மீண்டும் ஓடியவர்கள். சுற்றுவட்டாரம் ஏழ்மை மிக்கது. பள்ளிகளும் சிறந்தவை அல்ல. அச்சூழலில் அவர்தம் பிள்ளைகள் எவ்வாறு கல்வியில் உயர்ந்தனர் என்பதை மின் சூ, கார்ல் பாங்க்ஸ்டன் என்னும் சமூகவியல் அறிஞர்கள் ஆராய்ந்து 1998-இல் நூலாக வெளியிட்டனர். வியட்நாமிய மொழியை நன்கு எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளே பள்ளியில் மேலான தேர்ச்சி பெற்றிருந்தனர் என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. பேசத் தெரிவது மட்டுமன்று, எழுதப் படிக்கத் தெரிவது! தாய்மொழி ஆங்கிலத்துக்குத் தடையாக நிற்கும் என்ற அச்சத்தை அது தகர்த்தது. அம்மொழி வழியாகப் பிள்ளைகள் சமூகத்தின் கண்காணிப்புக்குள்ளும் அரவணைப்புக்குள்ளும் நின்றனர் என்பது அவர்களது விளக்கம். அக்கண்காணிப்பு சில பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியதையும், வெளியே தெறித்து வழிதவறியோர் இருந்ததையும் அவர்களே எழுதியுள்ளனர். தமிழ்ப்பள்ளியா வேறு பள்ளியா என்று தயங்கி நிற்கும் பெற்றோர், பாங்க்ஸ்டன் தம் ஆய்வை எந்த மொழியின் பெருமைக்காகவும் எழுதவில்லை என்பதையும் கருத்தில் கொள்ளலாம்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அந்நகரை மூழ்கடித்தது. வெர்சேல்சும் தப்பவில்லை. ஆயினும் நகரின் பிற பகுதிகள் வெறிச்சோடிக் கிடந்தபோது முதலில் திரும்பி வந்து கூரை வேய்ந்தவர்களுள் இவ்வியட்நாமியரும் இருந்தனர். அவர்களின் தேவாலயமே நிவாரண நிலையமானது. முதியோர்க்கு அது மூன்றாம் இடப்பெயர்வு. மறு ஆண்டு, சூறாவளிக் குப்பைகளைத் தம் குடியிருப்பின் அருகே கொட்டத் திறக்கப்பட்ட கிடங்கை எதிர்த்து முதியவர்களும் இளையோரும் ஒன்றாக நின்று போராடி அதனை மூடச் செய்தனர். முப்பதாண்டுக் காலம் தலைகுனிந்து உழைத்த சமூகம் அன்று நகராட்சியை நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டது. மூத்தோரின் கூற்றை இளையோர் ஆங்கிலத்தில் எடுத்துரைத்தனர்.

திரும்பி வந்தவர்கள்

அடக்கி வைத்த காலம் திரும்பி வரும் என்றேன் அல்லவா? பீடோங் விட்டுச் சென்றவர்களும் திரும்பி வந்தனர். மேலைநாடுகளிலிருந்து, நரை கூடிய வயதில், தம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்து தீவிலுள்ள கல்லறைகளைத் தேடித் துப்புரவு செய்தனர். 2005-இல் முன்னாள் படகு அகதிகள் சிலர் பீடோங்கிலும், இந்தோனேசியாவின் காலாங் தீவிலும் இறந்தோர்க்கு நினைவுக்கல் நாட்டினர். வியட்நாம் அரசு ஆட்சேபித்தது. காலாங் தீவின் நினைவுக்கல் அதே ஆண்டில் அகற்றப்பட்டது. முப்பதாண்டு கழித்து வாய்திறந்தவர்களுக்குக் கிடைத்த மறுமொழி அது.

அகதிகள் நம் நாட்டில் இன்றும் உள்ளனர். ஐ.நா. அகதிகள் ஆணையத்தில் பதிவு செய்துகொண்டோர் ஒன்றரை லட்சத்திற்கும் மேல்; மியன்மாரிலிருந்து வந்த ரோஹிங்கியா, சின் முதலிய மக்களே அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர். இலங்கையிலிருந்து வந்த நம்மவர் சிலரும் உண்டு. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையொப்பமிடவில்லை. ஆகவே அப்பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. கடைவீடுகளின் மாடிகளிலும் தேவாலயங்களிலும் சூராவ்களிலும் நடைபெறும் நூற்றுக்கும் மேற்பட்ட கற்றல் மையங்களில் அவர்கள் பயில்கின்றனர். அங்கே ஆங்கிலம் உண்டு, மலாய் உண்டு, கணிதம் உண்டு. சில மையங்களில், அச்சமூகத்தின் பெரியவர் ஒருவர் மாலை வேளையில் தங்கள் தாய்மொழி எழுத்துகளையும் பலகையில் எழுதிக் காட்டுகிறார்.